பொழுதோடு ஒரு வேளை

எங்களுக்கு மூத்த நர்சான அக்காவின் சாப்பாட்டு டப்பா இரண்டு அடுக்கு எவர்சில்வர். மேலடுக்கில் மூன்று இட்லி இருக்கும், கீழடுக்கில் தேங்காய்த் துவையல். எங்கள் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குப் பக்கத்தில் நர்சுகள் உட்காரும் சின்ன அறை ஒன்று உண்டு. அதற்கு ஒரே ஜன்னல், மேற்கைப் பார்த்தது, நேர் எதிரே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. மதிய டூட்டி பார்க்கும் நாட்களில் ஐந்து மணி தாண்டியதும் அக்கா அந்த ஜன்னலோரம் டப்பாவைத் திறப்பார். முதல் விள்ளலை வாயில் வைப்பதற்குள் வார்டிலிருந்து "சிஸ்டர்" என்று குரல் வரும். ஒருவருக்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்திருக்கும், இன்னொருவருக்கு வலி கண்டிருக்கும். அக்கா எழுந்து போவார். திரும்பி வரும்போது சூரியன் மலையுச்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் இறங்கியிருக்கும். ஜன்னலை ஒரு தடவை பார்ப்பார், டப்பாவை மூடுவார், பைக்குள் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். மறுநாள் காலை வரை வெறும் வயிறு.

அக்கா மேல்சித்தாமூர்க்காரர், தமிழ்ச் சமணரான நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் சோறு தொடமாட்டார்கள். விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து செத்தால், அந்த உயிரைக் கொன்ற பாவம் சாப்பிட்டவருக்கு என்று காரணம் சொல்வார்கள். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் ஊர் தொண்டூர். எங்கள் நிலத்துக்கு மேலேயே பாறையில் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் இருக்கின்றன. வெயில் நேரத்தில் அதில் படுத்துத் தூங்கியிருக்கிறேனே தவிர, அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் சோறு வெந்ததும் சாப்பிடுவோம்.

செஞ்சி டவுனில் ஒரு தொல்லை உண்டு. மலை மேற்கே மறித்துக்கொண்டு நிற்பதால் ஊருக்குள் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். வெளிச்சம் மட்டும் அதற்குப் பிறகும் வெகுநேரம் கிடக்கும். வெட்டவெளியான மேல்சித்தாமூரில் அந்த நேரத்தில் சூரியன் முழுசாகத் தெரியும். நாங்கள் அக்காவைக் கிண்டல் செய்வோம். "மலைக்கு அந்தாண்ட இன்னும் வெயில் அடிச்சிக்கினு இருக்குதுக்கா. உங்க ஊர்ல மாமா இப்பதான் கையே கழுவுவாரு. சாப்புடுங்க" என்பேன் நான். அக்கா சிரிக்காமல் சொல்வார்: "அவரு இருக்கற எடத்துல பொழுது இருக்குது. நான் இங்கதான இருக்கறன்." இந்தப் பிடிவாதத்தை என்ன சொல்வது என்று தெரியாமல் நாங்கள் எங்கள் பன்னையும் டீயையும் பார்த்துக்கொள்வோம்.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பயிரிடுவார், அக்கம்பக்கத்தில் விளைந்ததை வாங்கி விற்கவும் செய்வார். அதிகம் பேசாத மனிதர். சாயங்காலம் ஐந்தரைக்கு அவருக்குத் தட்டு வைத்தாக வேண்டும். கல்யாண வீடானாலும் பஸ் பயணமானாலும் அந்த நேரம் தவறினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இல்லை. அதற்காக யார் மேலும் கோபித்துக்கொள்ளமாட்டார், இரங்கிப் பேசினாலும் இறங்கி வரமாட்டார். அவர்களுக்கு ஒரே மகள். அப்பாவும் மகளும் ஐந்தரைக்கு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். காலை டூட்டி வாரங்களில் மட்டும் அக்காவும் கூட இருப்பார். அதிலும் அடுத்த ஆள் வரத் தாமதமான நாட்களில் இல்லை.

இவ்வளவு சொன்னதும் அக்காவைப் பாவப்பட்ட பெண்ணாக யாராவது நினைத்தால் எனக்குக் கோபம் வரும். அவர் ஆசைப்பட்டுத்தான் அந்த வேலையில் இருந்தார். பயிற்சியில் சேர்வதற்கே வீட்டில் சண்டை போட்டவர். நாங்கள் எல்லோரும் மாதச் சம்பளம், மாறுதல் இல்லாத ஊர் என்று இருந்தபோது, நர்சிங் சூப்பரின்டென்ட் ஆக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். "எனக்கு அந்த நாற்காலி வேணும்டி. அதுல ஒக்காந்தா இந்த வார்டுல எத்தினியோ மாத்தலாம். சும்மா பேச்சுக்கு சொல்லல" என்பார். உண்மையும் அதுதான். அவர் டூட்டியில் இருந்தால் படுக்கை விரிப்பில் கறை இருக்காது, பிரசவத்துக்கு வந்த பெண்ணை யாரும் அதட்டமாட்டார்கள், குழாய் போட்ட நோயாளிக்குக் கஞ்சி நேரத்துக்குப் போகும். நேரம் தவறவிட்ட உறவுக்காரர்களை அவர் திட்டுவதைக் கேட்டு நானே ஒதுங்கி நின்றிருக்கிறேன். "நோவாளிக்கு கடிகாரம் தெரியாது. நீதான் அவனுக்கு கடிகாரம்" என்று ஒரு தடியான ஆளைப் பார்த்து அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் வேறு ரகம். என்னுடைய முறை வந்தபோது, பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு செஞ்சியிலேயே நின்றுகொண்டேன். பிள்ளைகள், வீடு என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் சமைத்து, சுடச்சுடப் போட்டு, டிவி சீரியலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஆகவே வீட்டில் இருந்தவள் ஜெயித்தாள், வேலைக்குப் போனவள் தோற்றாள் என்று கதை சொல்ல நான் வரவில்லை. எனக்கு அந்தக் கணக்கே புரிந்ததில்லை.

அக்காவுக்கு முதல் பதவி உயர்வு வந்தபோது தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போட்டார்கள். ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு வார விடுப்பில் மட்டும்தான் வர முடியும். உத்தரவு வந்த வாரம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மல்லாட்டை வாங்கப் போனவளை அக்கா சாப்பிட்டுப் போகச் சொல்லி உட்கார வைத்திருந்தார். மாமா சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போய்ட்டு வா. வேணாம்னு சொன்னா நீ இருந்துடுவ. இருந்து மூஞ்ச தூக்கி வெச்சிக்குவ. அதுக்கு போறதே மேலு. நான் கேக்கறது ஒண்ணுதான். வூட்டுக்கு வர்ற நாள்ல பொழுதோட வந்துடு. ஒரு வேள ஒண்ணா ஒக்காந்து சாப்டா போதும் எனக்கு." அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "வந்துடறன். ரிடையர் ஆனப்பறம் பாருங்க, ஒரு நாளு தவறமாட்டன்" என்றார். அந்த மனிதர் தன் பெண்டாட்டியிடம் கேட்டது அவ்வளவுதான். நகை கேட்டாரா, நிலம் கேட்டாரா, சம்பளக் கவரைக் கேட்டாரா? ஒரு வேளைச் சாப்பாடு. அதையும் தன் கைக்கு எட்டாததாக அக்கா நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

பஸ்ஸுக்குச் சூரியனைப் பற்றி என்ன கவலை? மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதற்காக அக்கா ஒருநாள் லீவு போட்டுக்கொண்டு வருவதாக இருந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார். மாமா தானே கடைக்குப் போய் இனிப்பு வாங்கி வந்திருந்தார். உறவுக்காரப் பெண் ஒருத்தி சமைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஐந்தரைக்கு இலை போட்டாகிவிட்டது. திண்டிவனத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது, வேறு வண்டியில் மாற்றி ஏற்றுகிறார்கள் என்று அக்கா போன் செய்தார். மாமா மகளைப் பார்த்து, "நீ சாப்புடு" என்றார். எனக்கும் பரிமாறச் சொன்னார். அவர் முன்னால் சோறு வைத்த இலை அப்படியே இருந்தது. வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வெளியே ஏரிக்கரைப் பனைமரங்களுக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. "நீங்க சாப்புடுங்க மாமா, அக்கா வந்து ஏதாச்சும் பாத்துக்குவாங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். "இருக்கட்டும்மா" என்றார். சூரியன் முழுசாக மறைந்த பிறகு இலையை மடித்து எடுத்துக்கொண்டுபோய் மாட்டுக்கு வைத்துவிட்டு வந்தார்.

அக்கா தெருமுனையில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தபோது வாசல் விளக்கு எரிந்தது. செருப்பைக் கழற்றாமலேயே நின்று எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். மாமா, "பஸ்ஸு என்னாச்சி?" என்று கேட்டுவிட்டு அவர் பையை வாங்கி உள்ளே வைத்தார். மகள்தான் என்னிடம் மெதுவாக, "எங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரியில இருக்கறவங்கதான் சொந்தக்காரங்க சித்தி. நாங்கல்லாம் விசிட்டர்ஸ்" என்றாள். அன்றைக்கு எனக்கு மாமா மேல்தான் எரிச்சல். வருகிறவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காகவே பட்டினி கிடக்கிற ஆம்பளை என்று பஸ்ஸில் திரும்பும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அது அன்பா வீம்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதென்று சட்டமா என்ன?

பிறகு வருஷங்கள் அந்த மாதிரியே போயின. அக்கா ஒவ்வொரு படியாக ஏறினார். ஒரு தடவை எங்கள் எல்லோருக்கும் பயிற்சி வகுப்பு நடந்தது. வேலையையும் வீட்டையும் சமமாக நடத்துவது எப்படி என்று ஓர் அம்மையார் சென்னையிலிருந்து வந்து சுவரில் படம் போட்டுக் காட்டினார். வண்டிச் சக்கரம் ஒன்றை வரைந்து, அதில் குடும்பம், ஆரோக்கியம், ஓய்வு என்று துண்டு துண்டாகப் பிரித்து, எங்கள் சக்கரத்தை நாங்களே வரையச் சொன்னார். எல்லோரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி வரைந்தோம். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. அக்காவின் பையில் டப்பா திறக்காமல் கிடந்தது. "சக்கரம் நல்லா ஓடுதுக்கா" என்றேன். அன்றைக்கு மட்டும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கொரோனா வந்தபோது அவர் ஆசைப்பட்ட நாற்காலியில் இருந்தார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது. உடம்பு முழுக்க மூடிய உடுப்புக்குள் வெந்துகொண்டு, செத்தவர்களின் வீட்டுக்குப் போனில் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் வீட்டுக்குப் போகவில்லை. மகள் அதற்குள் பெங்களூரில் வேலை, கல்யாணம் என்று போய்விட்டாள். மாமா தனியாக இருந்தார். சாயங்காலம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டதும் அக்காவுக்குப் போன் செய்வாராம். எடுத்தால், "சாப்டியா?" என்று ஒரு வார்த்தை. பெரும்பாலும் எடுக்க முடியாது. அந்த நாட்களில் அக்கா எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தார். அது பொய்யில்லை. பிறகு தேடி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுத குடும்பங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் வேலைக்குப் போனது வீண் என்று என் எதிரில் ஒருவரும் சொல்ல முடியாது.

கடைசி வருஷம் செஞ்சிப் பக்கமே திரும்பி வந்து ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் ஒரு பெரிய அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு அக்காவின் தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். அக்கா இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி நெளிந்துகொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் எழுந்து, "மன்னிச்சிடுங்க சார், எனக்கு பொழுது போவுது. வூட்ல காத்திருக்காரு" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்துவிட்டார். மேடையில் இருந்தவர்கள் உட்பட எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அதிகாரிக்கு மட்டும் முகம் சுருங்கியது. நான் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே ஓடினேன். பஸ் ஜன்னலோரம் சால்வையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சில வாரங்கள் கழித்துப் பார்க்கப் போனேன். சாயங்காலச் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆவலாகக் கேட்டேன். "பேச ஒண்ணும் வரலடி. ஒக்காந்து ரெண்டு பேரும் தட்ட பாத்துக்கினு சாப்புடறோம். நான் அஞ்சி நிமிஷத்துல முடிச்சிடறன். ஆஸ்பத்திரி பழக்கம், யாராச்சும் கூப்புடுவாங்கன்னு அள்ளி போட்டுக்கறன். அவரு அரமணி நேரம் சாப்புடறாரு" என்றார் அக்கா. மாமா பக்கத்து அறையில் இருந்தார். "மெதுவா சாப்புடுன்னு சொல்றன் இவள. இங்க யாரும் கூப்புடமாட்டாங்க, மெதுவா சாப்புடுன்னு" என்று அங்கிருந்தே சொன்னார். அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த தடவை போனபோது அக்காவும் கால் மணி நேரம் சாப்பிடப் பழகியிருந்தார். மல்லாட்டை விலை, மகள் பேச்சு என்று இருவருக்கும் ஏதோ கொஞ்சம் பேச்சும் வந்திருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. நல்லபடியாகவே முடிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு வாதம் அடித்தது அந்தப் பட்டத்து மல்லாட்டை பிடுங்குவதற்கு முன்பு. காலையில் மல்லாட்டைக் கொல்லைக்குப் போனவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிருக்கு மோசமில்லை. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சுப் போய்விட்டது, விழுங்கவும் முடியாமல் போய்விட்டது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கஞ்சியோ பாலோ ஊற்ற வேண்டும், சர்க்கரை நோய்க்காரர், ஊசி போட்ட பிறகு இடைவெளி விடக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். சொன்ன டாக்டருக்கு அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். அக்கா புதிதாகக் கேட்கிறவர் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாராம்.

பகலில் ஊற்றியதை எல்லாம் மாமா ஒத்துக்கொண்டார். முதல் நாள் விளக்கு வைத்த பிறகு அக்கா கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்தபோது நன்றாக இருந்த இடது கையால் கஞ்சி ஊற்றும் ஊசிக்குழலைத் தட்டிவிட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சின்ன வயதிலிருந்து காத்துவந்த ஒன்றைப் படுக்கையில் போட்டு உடைக்க விடமாட்டேன் என்று அவர் சொல்வதற்கு வாய் தேவைப்படவில்லை. அக்காவின் நாத்தனார் வந்து, "மருந்துன்னு நெனச்சிக்க அண்ணா, மருந்துக்கு தோஷமில்ல" என்று கெஞ்சினார். கேட்கவில்லை. அக்கா அவருக்காக நேரத்தை மாற்றிப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் கடைசியாக ஊற்றிவிட்டு, டாக்டரைக் கேட்டு ஊசியைக் குறைத்துப் பார்த்தார். சரிப்படவில்லை. சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, கை சில்லிட்டு, திரும்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆனது. இனி இப்படிச் செய்தால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா அவர் கையைக் கட்டினார். குழாயைப் பிடுங்கிவிடுகிற நோயாளிகளின் கையைப் பஞ்சு வைத்துக் காஸ் துணியால் கட்டிலோடு கட்டுவது எங்களுக்குச் சாதாரண வேலை. நாங்கள் எத்தனையோ கைகளைக் கட்டியிருக்கிறோம், தோல் உரியாமல், ரத்த ஓட்டம் நிற்காமல். கட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவோம். அந்தக் கைக்காரர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நின்று பார்த்ததில்லை. அக்கா பார்த்தார். "என்னிய மொறைக்கல அவரு. மொறைச்சிருந்தா தாங்கிக்குவன். வேத்தாள பாக்கற மாரி பாத்தாரு" என்று போனில் சொன்னபோது அவர் குரல் நன்றாக இல்லை. அடுத்த நாளே நான் லீவு போட்டுக்கொண்டு போனேன்.

நான் போன அன்று சாயங்காலம் விளக்குப் போட்டாகிவிட்டது. அக்கா கஞ்சியை வடிகட்டி ஆற்றி வைத்திருந்தார். கட்டுவதற்கான துணி கட்டில் தலைமாட்டில் தொங்கியது. கை பிடிக்கவா என்று நான் எழுந்தேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தத் துணியை அவிழ்த்துச் சுருட்டி ஜன்னல் வழியாக வெளியே போட்டார். அடுக்களைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டு, அதில் இரண்டு இட்லி. ஸ்டூலை இழுத்து மாமாவின் முகத்துக்கு நேரே போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த அவர் தலையைத் தன் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க. இன்னிக்கி வரைக்கும் பொழுது போயி ஒரு பருக்க தொட்டதில்ல நான். ஒங்களுக்கு தெரியும். இப்ப தொடறன். பாவம் வந்துச்சின்னா ரெண்டு பேருக்கும் சேத்து வரட்டும்."

சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். விளக்கைச் சுற்றி நான்கைந்து பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன. அக்கா அவசரப்படவில்லை. ஒவ்வொரு விள்ளலையும் மென்று விழுங்கினார். மாமா கண்ணை மூடவில்லை. அவர் முகத்தில் விழுந்த பக்கம் அசையாமல் கிடந்தது, மற்றப் பக்கம் மட்டும் கோணிக்கொண்டு நடுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து குழாய் ஒட்டிய பிளாஸ்திரியில் இறங்கியது. ஒரு இட்லி முடிந்ததும் அக்கா எழுந்து, கை கழுவி, ஊசிக்குழலை உயர்த்திப் பிடித்துக் கஞ்சியை ஊற்றினார். இடது கை படுக்கை மேலேயே இருந்தது. ஊற்றி முடிக்கும்வரை அது எழவில்லை. பிறகு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டாவது இட்லியைச் சாப்பிட்டார்.

அதன் பிறகு கடைசிவரை அப்படியே நடந்தது. விளக்கு வைத்ததும் அக்கா தட்டோடு வந்து எதிரில் உட்காருவார். அவர் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் மாமா ஊற்ற விடுவார். அக்கா அன்றைய சேதிகளைச் சொல்லிக்கொண்டே மெதுவாகச் சாப்பிடுவார். மாமா கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சு வராமல் போன பிறகுதான் அவர்கள் நிறையப் பேசினார்கள் என்று நாத்தனார் என்னிடம் சொன்னார். மழைக்காலத்தில் சளி கட்டி, ஒருநாள் விடியற்காலையில் மாமா போய்விட்டார். மகள் பெங்களூரிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரியம் முடிந்த பிறகு பெரியவர்கள் அக்காவைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார்களாம். ஆபத்துக்குச் செய்தது ஆபத்தோடு போயிற்று, ஒரு விரதம் இருந்து பழைய ஒழுக்கத்துக்குத் திரும்பிவிடலாம், ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று.

போன மாதம் நான் போயிருந்தேன். எனக்கும் ஓய்வு நெருங்குகிறது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தரைக்குத் தெருவில் மற்ற வீடுகளில் பாத்திரச் சத்தம் கேட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை, என்னோடு பேசிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தது. மாமாவின் கட்டில் இன்னும் அந்த அறையிலேயே இருக்கிறது, படுக்கை மட்டும் இல்லை. அக்கா விளக்கைப் போட்டார், அடுக்களைக்குப் போய்ச் சோறு போட்ட தட்டோடு வந்தார், அதே ஸ்டூலை இழுத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்து உட்கார்ந்தார். அந்தத் தெருவிலேயே அந்த நேரத்தில் சாப்பிடுகிற ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். தலை நிமிராமல் சொன்னார்:

"நாத்தனாரு ரொம்ப வருத்தப்படறாங்க. பழையபடி பொழுதோட சாப்டா இன்னான்னு கேக்கறாங்க. கல்யாணம் ஆயி இத்தினி வருஷத்துல நாங்க கடசிவரைக்கும் ஒரு நாளு தவறாம ஒண்ணா ஒக்காந்து சாப்ட நேரம் இது ஒண்ணுதான். இதையும் வுட சொன்னா எப்டி வுடுவன், சொல்லு."

கை கழுவிவிட்டு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலை மறைக்காமல், அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.